லெந்து, தவக்காலம், தபசு காலம்: மூன்றும் ஒன்றுதானா? "லெந்து" என்றால் நோன்பு என்று பொருளா?

மூன்றும் ஒன்றுதான். சாம்பல் புதனன்று தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை கிறிஸ்தவர்கள் ஒறுத்தலோடும் செபத்தோடும் கழிக்கும் காலத்தையே மூன்று பெயர்களும் குறிக்கின்றன. எங்கள் வீட்டில் கத்தோலிக்கரான அப்பா தவக்காலம் என்பார்; தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த அம்மா லெந்து நாட்கள் என்பார்; அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கோ அது கடைசிவரை தபசு காலம்தான்.

ஆனால் "லெந்து" என்பதற்கு நோன்பு என்று பொருள் இல்லை. அது வசந்தத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. குளிர் நாடுகளில் பகல் நீளத் தொடங்கும் பருவம் என்பதே அதன் அடிப்படை. நம் ஊரில் மாசி, பங்குனி வெயிலில் வரும் நோன்புக்கு அந்தப் பெயர் பொருள் தெரியாமலே நிலைத்துவிட்டது. லத்தீன் மொழியோ பருவத்தை விட்டுவிட்டு நாளை எண்ணுகிறது: "குவாட்ராஜெசிமா" என்றால் நாற்பதாவது. இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த 40 நாட்களின் நினைவு அது. நாட்காட்டியில் எண்ணினால் 46 வருகிறதே என்று பலர் குழம்புகிறார்கள்; ஞாயிறு உயிர்ப்பின் நாளாதலால் இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் நோன்புக் கணக்கில் சேருவதில்லை.

இவற்றுள் தமிழ்ப் பெயரே இந்தக் காலத்தின் உட்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து. தனக்கு வரும் துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்கிறது 261ஆம் குறள். திருச்சபை இந்நாட்களில் கேட்கும் செபம், நோன்பு, ஈகை ஆகிய மூன்றையும் "தவம்" என்ற ஒரே சொல் தாங்கிக்கொள்கிறது. பட்டினி கிடப்பது மட்டுமே தவக்காலம் என்று நினைப்பவர்கள் அந்தச் சொல்லின் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

தொடக்க நாளின் பெயரும் அப்படியே. அதை விபூதிப் புதன் என்றும் திருநீற்றுப் புதன் என்றும் கத்தோலிக்கர் சொல்வதுண்டு. முந்தின ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கி, சிலுவையாக முடைந்து, திரு இருதயப் படத்துக்குப் பின்னால் ஆச்சி செருகி வைத்திருந்த ஓலை, அதற்குள் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையில் இருக்கும். அதைக் கோவிலில் கொடுத்தால், எரித்துச் சாம்பலாக்கி, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டி, குருவானவர் நெற்றியில் சிலுவை வரைவார்.

அன்று முதல் ஆச்சி உலையில் போடுமுன் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பார். பெரிய வியாழனுக்குள் அது நிறைந்துவிடும். எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு கிழவியின் வீட்டுக்கு அதைச் சுமந்து போவது என் வேலை.