பெர்ரி மேசன் (1957–66): உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: புதிதாகப் பார்க்கப் போகிறேன். எங்கே தொடங்கலாம்?

கொலைப்பழி விழுந்தவர்களுக்காக வாதாடும் வக்கீல் பெர்ரி மேசனைப் பற்றிய அமெரிக்கத் தொடர் இது. ஸிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒன்பது சீசன், 271 எபிசோட். எல்லாம் தனித்தனிக் கதைகள். நான் முதல் சீசனைத்தான் சொல்வேன். பெரும்பாலும் மேசனைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் நாவல்களிலிருந்தே எடுத்த கதைகள், அதனால் முடிச்சு இறுக்கமாக இருக்கும். ஒரே எச்சரிக்கை: விளம்பரத்துக்கு இடம் விட்டு வெட்டிய மறுஒளிபரப்புப் பிரதிகளைத் தொடாதீர்கள். சின்னத் துப்பு ஒன்று போய்விட்டாலும் கொலையாளியின் கடைசி வாக்குமூலம் திடீரென்று முளைத்ததுபோல் தெரியும்.

கேள்வி: ஐயா, கொலை வழக்கு என்கிறார்கள், ஆனால் பல எபிசோடுகளில் ஜூரியே இல்லையே?

அருமையான கேள்வி. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முழு விசாரணையே அல்ல, கலிஃபோர்னியாவின் பூர்வாங்க விசாரணை. குற்றம் நடந்ததா, இவர்தான் செய்தார் என்று நம்பப் போதிய முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும் நீதிபதி பார்ப்பார். இருந்தால் வழக்கு மேலே போகும், இல்லையென்றால் விடுதலை. பன்னிரண்டு பேரை ஜூரி இருக்கையில் உட்காரவைக்கும் செலவு தயாரிப்பாளர்களுக்கு மிச்சம். கதைக்கும் இது பொருந்துகிறது: ஜூரியின் மனதைக் கரைக்கும் நீண்ட உரை தேவையில்லை, நேராகக் குறுக்கு விசாரணைக்குப் போய்விடலாம். நிஜத்தில் குற்றம்சாட்டப்பட்டவரின் வக்கீல் இந்தக் கட்டத்தில் தன் கையில் இருப்பதைக் காட்டாமல் அரசுத் தரப்பின் பலத்தை அளந்து பார்ப்பதே வழக்கம். மேசனோ மொத்த வழக்கையும் அங்கேயே முடித்துவிடுவார். கார்ட்னர் கலிஃபோர்னியாவில் வக்கீலாக இருந்தவர்; நிர்வாகத் தயாரிப்பாளர் கெயில் பேட்ரிக் ஜாக்ஸனும் சட்டம் படித்தவர். தெரிந்தேதான் இந்தக் களத்தைப் பிடித்தார்கள்.

கேள்வி: மேசன் தோற்றதே இல்லையா?

மேலே சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது: தீர்ப்பு வரை போனால்தானே தோல்வி? போனவற்றில் முக்கியமானது 1963-ல் வந்த 'தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்'. தொடக்கத்திலேயே அவருடைய கட்சிக்காரருக்கு மரண தண்டனை. உண்மைக் கொலையாளியைப் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்.

கேள்வி: 1958-ன் 'தி கேஸ் ஆஃப் தி டெரிஃபைடு டைப்பிஸ்ட்'டை விட்டுவிட்டீர்களே? அதிலும் ஜூரி 'குற்றவாளி' என்கிறதே!

விடவில்லை. அதை நான் தோல்வியாக எண்ணுவதில்லை. கூண்டில் நின்றவன் வேறொருவர் பெயரில் வந்த ஆள்மாறாட்டக்காரன்.

கேள்வி: ஆள் யாராக இருந்தால் என்ன? மேசன் வாதாடினார், ஜூரி நம்பவில்லை. அது தோல்விதான்!

ஜூரியைப் பொறுத்தவரை சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆள் தன் வக்கீலையும் சேர்த்தே ஏமாற்றினான். பொய்யான பெயரை நம்பி ஏற்ற வழக்கில் வந்த தீர்ப்பை மேசனின் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நிரபராதி ஒருவருக்குத் தண்டனை விழுந்ததுதான் உண்மையான தோல்வி. அந்த வகையில் 'டெட்லி வெர்டிக்ட்'டே கனமானது.

கேள்வி: மேசன் எத்தனை வழக்கில் தோற்றார்?

மேலே படியுங்கள்.

கேள்வி: எதிர்தரப்பு வக்கீல் ஹாமில்டன் பர்கர் பாவமில்லையா?

பாவம்தான். அந்த வேடத்தில் நடித்த வில்லியம் டால்மன் இல்லாமல் தொடர் நிற்காது. மேசனாக நடித்த ரேமண்ட் பர்கூட முதலில் பர்கர் வேடத்துக்கே தேர்வுக்கு வந்தார். துப்பறிவாளர் பால் டிரேக்காக நடித்த வில்லியம் ஹாப்பர் மேசன் வேடத்துக்கு வந்தார்!

கேள்வி: ஒரு எபிசோடில் மேசனுக்குப் பதில் பெட்டி டேவிஸ் வாதாடுகிறாரே?

1963-ல் பர் அறுவை சிகிச்சைக்காக ஒதுங்கியபோது விருந்தினர் வக்கீல்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர்.

கேள்வி: என் சொத்து வழக்கில் இப்படிக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா?

உங்கள் வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி: ஒருமுறையாவது தோற்றிருக்கிறாரா?

இதற்கு இனி பதில் சொல்லமாட்டேன்.

கேள்வி: கலரில் பார்த்தேன் என்கிறார் என் மாமா. கருப்பு வெள்ளைதானே?

மாமா சொன்னது சரியாக இருக்கலாம். 1966-ல் 'தி கேஸ் ஆஃப் தி ட்வைஸ்-டோல்டு ட்விஸ்ட்' மட்டும் கலர். 1985-லிருந்து வந்த தொலைக்காட்சிப் படங்களும் கலர்தான். அவற்றில் பர்ரும், மேசனின் செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டாக பார்பரா ஹேலும் மீண்டும் சேர்ந்தார்கள். ஆனால் அவை வேறு நடை. முதலில் பழையதைப் பாருங்கள், வெட்டாத பிரதியில்.

கேள்வி: கார்ட்னர் திரையில் வந்திருக்கிறாரா?

வந்திருக்கிறார். 1966 மே 22 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடில் நீதிபதியாக.