மலையில் போடும் தடுப்பூசி மட்டமானதா?

கேள்வி: நாங்கள் அம்பத்தூரில் இருக்கிறோம். என் மச்சினியை ஜவ்வாதுமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் குழந்தைக்கு 6 மாதம். ஒன்றரை மாதத்தில் ஊசி போட்ட அன்று ராத்திரி முழுக்கக் காய்ச்சல், தொடையில் வீக்கம். 'இனி ஊசியே வேண்டாம்' என்று அவள் மாமியார் நிறுத்திவிட்டார். எங்கள் பையனுக்கு இங்கே தனியார் கிளினிக்கில் போட்டபோது காய்ச்சலே இல்லை. அரசு மருந்து மட்டமா? மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா? எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மட்டமில்லை. உங்கள் பையனுக்குப் போட்டது அநேகமாக 'வலியில்லா ஊசி'. அதில் கக்குவான் இருமல் கிருமியின் சில புரதங்கள் மட்டுமே இருக்கும். அரசு போடும் பென்டாவேலன்ட்டில் (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி) செத்த கிருமி முழுதாகவே இருக்கிறது. காய்ச்சலும் வீக்கமும் கூடுதலாக வருவது அதனால்தான். கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு நீண்ட நாள் நிற்பதும் அந்த ஊசியில்தான். எனவே ஊருக்குப் போனதும் 'எங்க பையனுக்கு ஒண்ணுமே ஆகலை' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

மலையில் கரண்ட் போனால் மருந்து கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஊதா வட்டமும் அதற்குள் ஒரு சின்னச் சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே போகும். வட்டத்தைவிட வெளிறியிருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. இதை மாமியார் தன் கண்ணால் பார்க்கட்டும்.

முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இரண்டாவது தவணையை இப்போதே போடலாம், குறைந்தது 4 வாரம் விட்டு மூன்றாவது. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா ஊசி.

சம்மதிக்க வைப்பதற்கு வருவோம். ஊசியை மறுப்பவர்கள் எல்லாம் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று நகரத்தில் நினைக்கிறோம். நான் பார்த்தவரை, மறுப்பவர்களில் பாதிப் பேரிடம் 'காய்ச்சல் வரும்' என்று யாருமே முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது, விடிந்தால் கூலிக்குப் போக முடியவில்லை. அப்புறம் எப்படி நம்புவார்கள்? நோய்களின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தாமல், மாமியாரிடமே உட்கார்ந்து பேசுங்கள். "இந்தத் தடவையும் காய்ச்சல் வரலாம்மா, ஒண்ணு ரெண்டு நாள்ல இறங்கிடும்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். பாரசிட்டமால் எத்தனை மில்லி என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து செவிலியர் சொல்வார். வீங்கிய இடத்தில் ஒத்தடம், எண்ணெய் எதுவும் வேண்டாம். வலிப்பு வந்தாலோ, 3 மணி நேரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டாலோ, காய்ச்சல் 2 நாளைத் தாண்டினாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். போன முறை அப்படி ஏதாவது நடந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பொதுவாகப் புதன்கிழமைதான் ஊசி நாள். மலைக் கிராமங்களுக்கு என்றைக்கு வருகிறார்கள் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் போனில் கேட்டுக்கொள்வது நல்லது. தட்டம்மை மருந்தைக் கலந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் 'இன்னும் ரெண்டு குழந்தை வரட்டும், அடுத்த வாரம் வாங்க' என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவதுண்டு. பிள்ளையை இடுப்பில் வைத்து மலையிறங்கி வந்தவள் திரும்ப வருவாளா என்ன? ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பண்டிகைக்கு அவர்கள் சென்னை வந்தால், உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடலாம். தாய் சேய் நல அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மறந்துபோவார்கள் என்று தோன்றினால், ஊசி போட்ட பக்கத்தை இப்போதே படமெடுத்து வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.