'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக் கேட்கிறார் கணவர். வக்கீல் வைக்கப் பணமில்லை, என்ன செய்வது?

தங்கச்சி, வீடு அவர் பேர்ல, நகை மாமியார் பீரோவுல, நாலு வயசுப் பையனோட நீ அம்மா வீட்டுல. கையெழுத்துப் போட்டா பிள்ளையை உன்கிட்டயே விடுறேன்னு சொல்றார்னு எழுதியிருக்கே. போட்டுராதேம்மா. நான் போட்டேன், அதனாலதான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்து எழுதறேன்.

2016. மதுரைப் பக்கம் கிராமம். பெரியப்பா வீட்டுத் திண்ணையில ஊர்ப் பெரியவங்க எட்டுப் பேர் கூடி 'கல்யாணத்தைத் தீர்த்து விட்டுருவோம்'னாங்க. இருபது ரூபா பத்திரம். சீர், நகை அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு எழுதியிருந்துச்சு. அன்னிக்கு ஒரு குண்டுமணித் தங்கம்கூட என் கைக்கு வரல. மக மடியில தூங்கிட்டிருந்தா, அவளைத் தூக்கிட்டுப் போயிருவாங்களோங்கிற பயம். பேனா எழுதாம ரெண்டு தடவை உதறிட்டுப் போட்டேன்.

எங்க சாதியில அப்படி ஒரு வழக்கம் உண்டுன்னு நிரூபிச்சாலொழிய அந்தப் பத்திரம் விவாகரத்தே ஆகாதுன்னு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. சொன்னது அங்கன்வாடி டீச்சர். மாவட்டக் கோர்ட்டு வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 1987 சட்டத்தோட 12ஆம் பிரிவுப்படி பொம்பளைங்களுக்கு வருமானமே பார்க்காம இலவசமா வக்கீல் தரணும்னாங்க. 15100க்குப் போன் பண்ணினாலும் வழி சொல்வாங்க.

எனக்குக் கிடைச்ச வக்கீலம்மா முதல்ல கேட்டது கல்யாண வீடியோ. தாலி கட்டுற இடத்துல நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஆரம், அட்டிகை, நெக்லஸ், கைக்கு ஆறு வளையல்னு எழுதினாங்க. எங்கப்பா மொய் நோட்டோட கடைசிப் பக்கத்துல பென்சில்ல ஒவ்வொரு நகைக்கும் எடை குறிச்சு வச்சிருந்தார். கூட்டினா 32 பவுன். கடைசியில சமரசத்துல 18 பவுன் நகையாவும் மீதி பணமாவும் வந்துச்சு. அந்த நோட்டு இல்லேன்னா அதுவும் இல்லை.

பொண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கு மட்டும்தான் சொந்தம்னு சுப்ரீம் கோர்ட்டு 1985லயே சொல்லிருச்சு. 2024 ஏப்ரல்ல ஒரு கேரளப் பொண்ணோட வழக்கு. கல்யாண ராத்திரியே 89 பவுனையும் 'பத்திரமா வைக்க' வாங்கி மாமியார்கிட்ட கொடுத்துட்டாராம் புருஷன். 25 லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாச்சு.

வீட்டு விஷயத்துல ஆசை காட்ட மாட்டேன். விவாகரத்துன்னா பாதிச் சொத்து தானா வந்துரும்னு நம்ம ஊர்ச் சட்டத்துல இல்லை. 2023 ஜூன்ல சென்னை ஐகோர்ட்டு, புருஷன் வெளிநாட்டுல சம்பாதிக்க வீட்டைப் பார்த்துக்கிட்ட மனைவியோட உழைப்புக்கும் பங்கு உண்டுன்னுச்சு. ஆனா அது விவாகரத்து வழக்கில்லை. நீ கேட்க வேண்டியது ஜீவனாம்சமும் பையன் செலவும். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளை சாதாரணமா அம்மாகிட்டதான் இருக்கணும்னு இந்துக்களுக்கான 1956 காப்பாளர் சட்டம் சொல்லுது, அதுக்கு நீ நகையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பரஸ்பர விவாகரத்து மனுவே போட்டாலும் எல்லாத்தையும் அதுல எழுத வை. தீர்ப்பு வர்றதுக்குள்ள சம்மதத்தை வாபஸ் வாங்கவும் உனக்கு உரிமை உண்டு.

இலவச வக்கீல் இழுத்தடிப்பாங்கன்னு கீழே வந்து எழுதுவாங்க. எனக்கும் வாய்தா வாய்தான்னு ஒன்றரை வருசம் போச்சு. ஆனா அன்னிக்கு அந்தக் கோர்ட்டு வராந்தாவுல பணம் கட்டி வக்கீல் வச்சவங்களும் எங்களோடதான் நின்னாங்க. ஆம்பளைங்களே மோசம்னும் நான் சொல்லல. மகளோட அப்பா மாசம் தவறாம வந்து பார்த்துட்டுப் போறார், ஒருநாளும் தடுத்ததில்லை.

எனக்குக் கோர்ட்டை விட வாடகை வீடுதான் பெரிய வேதனை. மூணு வீட்டுல அட்வான்ஸ் வாங்கின பிறகு 'வீட்டுக்காரர் எங்கே?'ன்னு கேட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஒரு அம்மா என் மகளை வாசல்ல நிக்க வச்சே 'அப்பன் இல்லாத வீடு எங்களுக்கு ஒத்து வராது'ன்னாங்க. இதைக் கேட்க எந்த ஆணைக்குழுவும் இல்லையே!

சரி, திங்கட்கிழமை காலையிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போயிரு. ஆதார், கல்யாணப் பத்திரிகை, பையனோட பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ். அதுக்கு முன்னாடி கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரரைப் பார்த்து இன்னொரு காப்பி வாங்கிரு, பழசையெல்லாம் அழிச்சிருவாங்க.