வீட்டு வாசலில் வெளியே மாட்ட எந்த மாதிரி கேமரா வாங்கலாம்?

மழை, வெயில் நேராகப் படும் இடம் என்றால் முதலில் பெட்டியில் ஐபி66 அல்லது ஐபி67 என்று இருக்கிறதா பாருங்கள். முதல் எண் தூசியை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு, அடுத்தது தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு. மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம், சாதாரண வாசலுக்கு 2 மெகாபிக்சலே போதும்.

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். 8, 9 அடி உயரம் சரி, ரொம்ப மேலே போனால் வருபவரின் தலை உச்சிதான் பதிவாகும். இரவில் கேமரா அகச்சிவப்பு ஒளியை வீசும், சன்ஷேடோ சுவரோ பக்கத்தில் இருந்தால் அந்த ஒளி திரும்பி அடித்துப் படமே வெளுத்துவிடும். அப்புறம் அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், வலை லென்ஸுக்கு முன்னால் ஆட ஆட, யாரோ நடமாடுகிறார்கள் என்று கேமரா நினைத்து எச்சரிக்கை அனுப்ப, ராத்திரி முழுக்க உங்கள் போன் அலறும். அதனால் அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

வைஃபை கேமரா என்றால் கரண்ட் போகும்போது ரவுட்டரும் சேர்ந்து அணைந்துவிடும், இரண்டையும் இன்வெர்ட்டரில் போடுங்கள். மெமரி கார்டு, சிசிடிவிக்கென்றே விற்கும் ரகமாக வாங்குங்கள். ஓயாமல் எழுதி அழிப்பதில் சாதாரண கார்டு சீக்கிரம் போய்விடும்.

கூடவே வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் கோணத்தைத் திருப்புங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.