விடுதலைக்குள் தவிடும் தலைவியும்: சொல்லுக்குள் சொல் தேடுவோருக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, ஒரு சொல்லைக் கொடுத்து அதன் எழுத்துகளில் சின்னச் சின்னச் சொற்களை எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மூன்று நான்குக்கு மேல் கிடைப்பதே இல்லை. எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: 'விடுதலை'யை எடுத்துக்கொள்வோம். வி, டு, த, லை என நான்கு எழுத்து. இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்காக மாற்றி அடுக்கினால் மொத்தம் 60 அடுக்குகள் வரும். அறுபதையும் எழுதிப் பார்க்க வேண்டாம். டு, லை இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. அவற்றில் தொடங்குவதை விட்டால் மிச்சம் 30தான்.

இனி 'த'வைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வையுங்கள்: தவி, தடு, தலை. மூன்றுமே சொல். இவற்றின் பின்னால் மீதி எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். தவியோடு 'டு' சேர்ந்தால் தவிடு. தலையோடு 'வி' சேர்ந்தால் தலைவி. அடுத்து 'வி': விடு, விலை. பலரும் விடு, தலை, விலை என்று மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். கண் இருக்கிற வரிசையிலேயே படித்துப் பழகிவிட்டது. வரிசையைக் கலைத்தால்தான் தவிடும் தலைவியும் தெரியும். அதனால்தான் நான் சொல்லை நேர்கோட்டில் எழுதமாட்டேன். எழுத்துகளை வட்டமாக எழுதி வைத்துக்கொள்வேன்.

மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் சொல்லின் முதலில் வரா. க், ச், ட், த், ப், ற் சொல்லின் கடைசியில் வரா. தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் லாபம், ரம்பம், டப்பா எல்லாம் செல்லாதா?

பதில்: தாராளமாகச் செல்லும், அகராதியில் இருக்கின்றன. நான் சொன்னது தேடும் வழிக்கான விதி. சொல்லைத் தள்ளுவதற்கான விதி அல்ல.

கேள்வி: கொடுத்த சொல்லில் 'ல்' இருக்கிறது. அதை 'ல' என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. புள்ளி வைத்தால் அது வேறு எழுத்து. இந்த விளையாட்டில் சண்டை வருவதே பெரும்பாலும் இந்தப் புள்ளியால்தான். 'வாழைமரம்' என்பதில் ம ஒன்று, ம் ஒன்று. ஆகவே மரம் செல்லும், வாரம் செல்லும், மழையும் செல்லும். 'வரம்' செல்லாது. இருப்பது வா, 'வ' அல்ல.

கேள்வி: உயிர்மெய்யைப் பிரித்து ஆடலாமா? எங்கள் வகுப்பில் 'வி' என்றால் வ், இ என்று இரண்டாக எண்ணுகிறோம்.

பதில்: நல்ல கேள்வி. ஆடலாம், ஆனால் அது வேறு ஆட்டம். விடுதலையைப் பிரித்தால் வ், ட், த், ல் என நான்கு மெய். இ, உ, அ, ஐ என நான்கு உயிர். இப்போது அலை, இலை, உலை, வில், தடை, வடை, துவை, துடி, தவில், இடது, உதவி என்று கொட்டும். முன்பு ஏழெட்டுச் சொல்லோடு முடிந்தது இங்கே பல பத்தாகப் பெருகும். ஆனால் எண்ணிக்கையை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். 'அடவி' என்று எழுதினால் நான் அடித்துவிடுவேன். அதற்கு அகரம் இரண்டு தேவை. விடுதலையில் இருப்பது ஒன்றுதான், 'த'வுக்குள் இருப்பது.

உயிரும் மெய்யும் கூடித்தான் உயிர்மெய் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. போட்டிக்கு மட்டும் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். எப்படி ஆடினாலும் தொடங்கும் முன் விதியைத் தாளில் எழுதிவிடுங்கள். பாதியில் மாற்றினால் ஆட்டம் கெடும்.

கேள்வி: நெடிலைக் குறிலாக மாற்றலாமா?

பதில்: கூடாது. மேலே 'வரம்' பற்றிச் சொன்னதேதான்.

கேள்வி: கணினியில் எழுத்துகளைக் கலைக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். கொக்கியும் கொம்பும் தனியாகப் பிய்ந்து அந்தரத்தில் நிற்கின்றன.

பதில்: உங்கள் நிரல் எழுத்தை எண்ணவில்லை தம்பி, யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. நமக்கு விடுதலை நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு: வ, இகரக் குறி, ட, உகரக் குறி, த, ல, ஐகாரக் குறி. முதலில் குறிகளையும் புள்ளியையும் அவற்றுக்கு முந்தைய எழுத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். பிறகு கட்டுகளைக் கலையுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் தனியாகக் கவனியுங்கள்.

கேள்வி: ஓர் எழுத்தையே சொல்லாகக் கணக்கிடலாமா?

பதில்: பொருள் இருந்தால் கணக்கிடலாம். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி 42 என்கிறது. கை, பூ, தீ, வா, போ, மை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் மதிப்பெண்ணைக் குறைத்துக் கொடுங்கள்.

கேள்வி: அம்மா, இது புதிதாக வந்த விளையாட்டா, பழையதா?

பதில்: இதே வடிவில் இல்லை, உறவுக்காரர்கள் உண்டு. பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணியில் மாத்திரைச் சுருக்கம் என்று ஒன்று: நெடில் குறிலானால் வேறு சொல் பிறக்க வேண்டும், 'காலை' 'கலை' ஆவதுபோல. அக்கரச் சுதகம் இன்னொன்று: எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்க, மிஞ்சுவது ஒவ்வொரு முறையும் சொல்லாக நிற்க வேண்டும். உவகை, வகை, கை. முயன்று பாருங்கள், மூன்று படி இறங்கும் சொல் எளிதில் அகப்படாது. அங்கே வரிசை கலையக் கூடாது என்பதுதான் நம் ஆட்டத்துக்கும் அதற்கும் வேறுபாடு.

கேள்வி: விடுதலையில் 'தவிலை' விட்டுவிட்டீர்களே! தவிலை வாசித்தார் என்கிறோம்.

பதில்: விடவில்லை, தள்ளினேன். அது தவில் + ஐ. அகராதியில் தலைச்சொல்லாக இருப்பதைத்தான் ஏற்பேன். இத்தனைக்கும் உயிர்மெய்யைப் பிரிக்காமல் ஆடினால், விடுதலையில் 'ல்' இல்லாததால் தவில் என்ற சொல்லே வராது.

கேள்வி: ஒத்துக்கொள்ள முடியாது. உருபும் விகுதியும் ஒட்டி ஒட்டி வளர்வதுதான் தமிழ். அவற்றைத் தள்ளினால் ஆங்கில ஆட்டத்தின் விதியைத் தமிழ்மேல் ஏற்றுவதாக ஆகாதா?

பதில்: தமிழ் அப்படித்தான் வளர்கிறது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதனால்தான் தள்ளுகிறேன். 'பாடு' என்ற ஒரு வினையை எடுங்கள்: பாட, பாடி, பாடிய, பாடும், பாடினான், பாடினாள், பாடுகிறேன், பாடுவார்கள். முடிவே இல்லை. இத்தனையும் செல்லும் என்றால் ஆடுகிறவர் புதுச் சொல்லைத் தேடமாட்டார். தெரிந்த சொல்லுக்கு வால் ஒட்டிக்கொண்டே இருப்பார். தவிடு என்ற சொல்லை மறந்துபோன ஒரு பிள்ளைக்கு அது திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் ஆடவைக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் விடு, தடு, தவி? அவை ஏவல் வினைமுற்று ஆயிற்றே?

பதில்: நல்ல பிடி. ஆனால் அவை வேர்ச்சொல்லும்கூட. அகராதி வினையை அந்த வடிவில்தான் பதிகிறது. உருபு ஏற்றதையும் ஆட ஆசை இருந்தால் தனிச் சுற்று வையுங்கள், அரை மதிப்பெண் கொடுங்கள். அதிலும் புணர்ச்சியைப் பாருங்கள். 'கல்'லுக்கு ஐ சேர்ந்தால் கல்லை, ஒற்று இரட்டிக்கும். 'கலை' ஆகாது.

கேள்வி: எந்த அகராதி?

பதில்: இன்றைய சொல்லுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பழஞ்சொல்லும் செல்லும் என்றால், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இரண்டில் எது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

கேள்வி: 'ழ்' இருந்தால் 'ழ' ஆக்கலாமா?

பதில்: கூடாது. புள்ளி பற்றி மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: 'கடலலை'யில் 'கடலை' எழுதினேன். கடல் + ஐ என்று நினைத்துத்தான் எழுதினேன். மதிப்பெண் உண்டா?

பதில்: முழு மதிப்பெண். கடலை அகராதியில் தனிச்சொல், நீங்கள் எப்படி நினைத்து எழுதினாலும் சரி. காலை, மாலை, பாலை, சாலை நான்குக்கும் இதே தீர்ப்புத்தான்.