தாளில் 3 மாதம், தங்கியது 16 நாள்: டெபாசிட்டுக்கு வழக்குப் போடலாமா?

சிங்கப்பூர் செங்காங் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்: டிசம்பர் விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று 8 பேர் வந்தார்கள். கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு வேண்டும், மாமியார் சமைக்க அடுப்பும் வேண்டும் என்று ஹோட்டலை விட்டுவிட்டு, மரின் பரேட் பக்கம் ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி) வீட்டை 16 நாளுக்குப் பிடித்தார்கள். வாடகை 5,400 வெள்ளி, டெபாசிட் 3,000 வெள்ளி. வீட்டுக்காரர் நீட்டிய ஒப்பந்தத்தில் மட்டும் "மாதம் 5,400 வெள்ளி, 3 மாதம்" என்று இருந்தது. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்று அவர் சொல்ல, இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலி செய்தபின், சோபாவில் மஞ்சள் கறை, வீடு முழுக்க மசாலா வாடை என்று சொல்லி 1,300 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 1,700 வெள்ளி தருகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். நம் சமையலைக் கேவலமாகப் பேசியதில் மாமியார் அழுதுவிட்டாராம். முழுத் தொகையையும் வாங்கச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்பது கேள்வி.

போகாதீர்கள். 1,700 வெள்ளியை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் அவர் பேசிய விதம் தவறுதான். ஆனால் அதற்கு நடுவர் மன்றத்தில் பணம் கிடைக்காது. சோபாக் கறை பழசா புதுசா, ஏர்கான் ஒழுகியதா என்பதற்கெல்லாம் நீங்கள் 20 படம் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை நான் ஓரமாக வைத்துவிட்டேன். இந்த விவகாரத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பேசியது 16 நாள், கையெழுத்துப் போட்டது 3 மாதம்.

தனியார் வீட்டைத் தொடர்ந்து 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது என்பது 2017 முதல் இங்கே நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. அதற்கு முன்பு 6 மாதமாக இருந்தது. மீறினால் ஒரு குற்றச்சாட்டுக்கு 200,000 வெள்ளி வரை அபராதம். 2018-ல் கொண்டோ வீடுகளை இப்படி விட்ட இருவருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விழுந்தது. உங்கள் தாளில் "3 மாதம்" என்று எழுதப்பட்டதற்கு இதைத் தவிர வேறு காரணமில்லை.

இப்போது மன்றத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். அங்கே வழக்கறிஞர் வர முடியாது. உங்கள் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். எதிரே வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார், நடுவர் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு உங்களையே கேட்பார்: "எவ்வளவு காலத்துக்கு எடுத்தீர்கள்?"

"3 மாதம்" என்றால் அது பொய். பொய் சொல்வதே தனிக் குற்றம். அதோடு நிற்காது. 3 மாதம் என்று நீங்களே ஒப்புக்கொண்டால், வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்பார்: "முதல் மாத வாடகைதானே வந்தது, மீதி 2 மாதம் எங்கே?" 10,800 வெள்ளி. நடுவர் மன்றத்தின் 20,000 வெள்ளி வரம்புக்குள் அது அடங்கிவிடும், அங்கேயே எதிர்க்கோரிக்கையாகப் போடலாம். வீட்டை அவர் வேறு யாருக்காவது விட்டிருந்தால் அந்தத் தொகை குறையும், உண்மைதான். ஆனால் வாயால் பேசிய 16 நாளை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள், எழுத்தில் இருக்கும் 3 மாதம் அவர் கையில். டெபாசிட் கேட்டுப் போன குடித்தனக்காரர் வாடகை பாக்கிக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இப்படி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மனுவைத் தாக்கல் செய்த பிறகுதான் வருகிறார்கள். மனுக் கட்டணம் 10 வெள்ளிதானே, போட்டுப் பார்ப்போம் என்று போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் பின்வாங்கினாலும், அவர் தம் பங்குக்குத் தனியாக வழக்குப் போடலாம்.

சரி, உண்மையைச் சொல்லி "16 நாள்தான்" என்றால்? அப்போது, விதியை மறைக்கவே தாளில் 3 மாதம் எழுதினோம் என்று ஆகிறது. 2014-ல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டுக் கடன் கட்டுப்பாட்டைத் தாண்டுவதற்காக பழைய தேதி போட்ட ஒப்பந்தத்தை அமல்படுத்த மறுத்துவிட்டது. சட்டத்தை மீறும் நோக்கத்தோடு செய்த ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் கைகொடுக்காது. கொடுத்த பணத்தையாவது திருப்பிக் கேட்கலாமா என்ற கேள்விக்கு 2018-ல் வந்த தீர்ப்பு ஒரு சிறிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1,300 வெள்ளிக்காக அந்தக் கதவைத் தட்டச் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. இருவரும் கூட்டு என்றால், பணம் யார் கையில் இருக்கிறதோ அங்கேயே தங்கிவிடும் அபாயம்தான் அதிகம். இப்போது அது அவர் கையில் இருக்கிறது.

முத்திரை வரியையும் நீங்கள் கட்டியதாகத் தெரியவில்லை. 16,200 வெள்ளி மொத்த வாடகைக்கு 0.4 விழுக்காடு, சுமார் 64 வெள்ளி. வழக்கமாக அதைக் கட்ட வேண்டியவர் குடித்தனக்காரர்தான். கட்டாத ஒப்பந்தத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் இப்போது போய்க் கட்டினால், 3 மாதக் குத்தகை என்று வருவாய் ஆணையத்திடம் நீங்களே அறிவித்ததாகிவிடும்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். உறவினர்கள் கிளம்பியதும் கடைசி 3 இரவு வீடு சும்மா கிடக்க வேண்டாமென்று, உங்கள் கணவரின் சக ஊழியர் குடும்பத்தைத் தங்கவைத்து 600 வெள்ளியைப் பேநவ் என்ற மின்னியல் பணப் பரிமாற்றத்தில் வாங்கினீர்கள். உங்களுக்கு அது செலவைப் பகிர்ந்துகொண்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, நீங்களே குறுகிய கால வாடகைக்கு ஆள் வைத்ததாகத் தெரியும். அதுவரை விருந்தாளியாக இருந்த நீங்கள் அந்த 600 வெள்ளியில் வீடு விட்டவர் பக்கம் போய்விட்டீர்கள். விதி உரிமையாளரை மட்டும் பிடிப்பதில்லை, வாடகைக்கு எடுத்து மறுபடி விடுபவரையும் பிடிக்கும். பேநவ் கணக்கில் தேதியோடு இருக்கிறது. கொண்டோ காவலர் அறையின் வருகையாளர் பதிவில் கார் எண்ணும் வீட்டு எண்ணும் இருக்கும். சண்டை முற்றினால் வீட்டுக்காரர் முதலில் அதைத்தான் எடுப்பார்.

அப்புறம், அவருக்கு அனுப்பலாமா என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் செய்தி: "வெள்ளிக்கிழமைக்குள் 3,000 வராவிட்டால் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்குப் போட்டுக்கொடுப்பேன்." தயவுசெய்து இதை அனுப்பாதீர்கள். பணத்தையும் புகாரையும் ஒரே வாக்கியத்தில் கட்டினால் அது மிரட்டிப் பணம் கேட்டதாகப் படிக்கப்படும், அவர் போலீசுக்குப் போக நீங்களே எழுதிக்கொடுத்ததாக ஆகும். புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அதை விலைபேச உரிமை இல்லை. ஃபேஸ்புக்கில் அவர் பெயரைப் போட்டு எழுதும் யோசனையையும் விட்டுவிடுங்கள்.

சமரசத்தை இப்படிச் செய்யுங்கள். கோபம் எதுவும் கலக்காமல் ஒரு செய்தி: 1,700 வெள்ளி பெற்றுக்கொள்ளச் சம்மதம், வீட்டை இன்ன தேதியில் ஒப்படைத்தாயிற்று, மீதிக் காலத்துக்கு வாடகையோ வேறெதுவுமோ கோரப்படாது, இரு தரப்புக்கும் இனி ஒருவர் மேல் ஒருவர் கோரிக்கை இல்லை. அவர் "சம்மதம்" என்று பதில் போட்டு, பணமும் கணக்கில் ஏறிய பிறகுதான் முடிந்ததாக அர்த்தம். வாடகை கோரமாட்டேன் என்ற அந்த வரி உங்களுக்கு 1,300 வெள்ளியைவிடப் பெரியது, அது இல்லாமல் பணத்தை வாங்காதீர்கள். 1,700-ஐ 2,000 ஆக்கக் கேட்டுப் பார்க்கலாம், ஒரு தடவை. "புகார் கொடுக்கமாட்டேன்" என்று எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய தேதி போட்ட எந்தத் தாளிலும் இனிக் கையெழுத்து வேண்டாம். பழைய உரையாடல்களை அழிக்கவும் கூடாது. நாளை அதிகாரிகள் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், சொல்லும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கோரிக்கை போட 2 ஆண்டு அவகாசம் இருக்கிறதே, பொறுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவருக்கும் அவகாசம் இருக்கிறது. இன்று அவர் 1,700 தர இறங்கி வந்திருப்பதற்குக் காரணம் அவருக்கும் பயம் இருப்பதுதான். அந்தப் பயம் ஆறுவதற்குள் முடியுங்கள்.

ஜூனில் உங்கள் பெற்றோர் வருகிறார்கள், எந்த வீட்டைப் பார்ப்பது என்ற கேள்விக்கு: உங்கள் வீட்டிலேயே காசு வாங்காமல் தங்கவைத்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அடுக்களை வேண்டுமென்றால் சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுங்கள், அங்கே குறைந்தது 7 நாள் தங்க வேண்டும். கடல் பக்கம்தான் வேண்டுமென்றால் பாசிர் ரிஸ்ஸில் டௌன்டவுன் ஈஸ்ட் விடுதி இருக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை யாராவது மலிவாகக் காட்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள்: அங்கே குறைந்தபட்சம் 6 மாதம், சுற்றுப்பயணிகளுக்கு விடவே கூடாது. எந்த வீடானாலும், நீங்கள் தங்கப்போகும் நாளும் தாளில் எழுதியிருக்கும் நாளும் ஒன்றாக இல்லையென்றால், டெபாசிட் கொடுப்பதற்கு முன்பே எழுந்து வந்துவிடுங்கள்.