பசுமலையிலிருந்து டெக்சாஸ் பொதுப்பள்ளிக்கு வரும் தங்கைக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வி இதுதான். பசுமலையில் பிறந்து, மதுரையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நிர்வாகத்தில், அரசு உதவிபெறும் பள்ளியில் கணிதம் கற்பித்தவர் நீங்கள். பாட்டும் ஜெபமும் இல்லாமல் அங்கே பள்ளி தொடங்கியதே இல்லை. இப்போது பரிமாற்ற ஆசிரியர்களுக்கான ஜே-1 விசாவில் டெக்சாஸில் ஒரு பொதுப்பள்ளிக்கு வருகிறீர்கள். அங்கே ஜெபத்துக்கே தடை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அமெரிக்க மிஷன்காரர்கள் கட்டிய பள்ளியில் ஜெபித்து வளர்ந்தவள், அவர்கள் நாட்டுப் பள்ளியில் விசுவாசத்தை மறைத்துத்தான் வாழ வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள்.

மறைக்க வேண்டியதில்லை. நானும் மதுரைப் பக்கத்துக்காரிதான். பல ஆண்டுகளாக டெக்சாஸ் பொதுப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், விசுவாசத்தை மறைத்ததில்லை. பிள்ளைகள் மேல் அதைத் திணித்ததும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் நீங்கள் பயப்படுவதைவிட அகலமானது.

முதலில் அந்த மிஷன் பள்ளி வியப்பைத் தீர்த்துக்கொள்வோம். 1834இல் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷன்காரர்கள் திறந்தவை மிஷனின் சொந்தப் பள்ளிகள். 1881இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் அதே வழியில் வந்தவை. அவற்றை அமெரிக்காவின் தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளோடுதான் ஒப்பிட வேண்டும். அங்கே இன்றும் தினமும் ஜெபம் உண்டு, வேதபாடம் உண்டு. நீங்கள் வரப்போவதோ வரிப்பணத்தில் நடக்கும் பள்ளிக்கு. நம் ஊரில் அதற்கு இணை மாநகராட்சிப் பள்ளி. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவும் சொல்கிறது. உதவிபெறும் பள்ளியில்கூட, பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமய வகுப்பிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாட வகுப்புக்கும் மற்றவர்கள் நீதிபோதனை வகுப்புக்கும் பிரிந்து போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே "ஜெபத்துக்குத் தடை" என்ற பேச்சை நம்பாதீர்கள். 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுத்தியது, நியூயார்க் மாநில அதிகாரிகள் தாங்களே எழுதிப் பள்ளிகளில் சொல்ல வைத்த ஒரு சிறு ஜெபத்தை. 1963இல் நிறுத்தியது, பென்சில்வேனியாவில் சட்டம் போட்டு நடத்திய தினசரி வேத வாசிப்பை. வேதாகமத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் வகுப்பில் படிக்கத் தடையில்லை என்று அதே 1963 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. தேர்வுக்கு முன்னால் ஒரு மாணவி தலைகுனிந்து ஜெபித்துக்கொண்டால் அவளை எந்தத் தீர்ப்பும் தடுக்காது. அரசு ஜெபத்தை எழுதக் கூடாது, நடத்தக் கூடாது. வகுப்பின் முன்னால் நிற்கும்போது அந்த அரசு நீங்கள்தான். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற விதிகள் தானாக விளங்கும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நான் திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் படித்தவள். கிறிஸ்தவப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தோம். சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள் வகுப்பில் படத்துக்கு மாலை போட்டுச் சூடம் காட்டுவார்கள். தட்டில் திருநீறு வரும். பிறகு பொரிகடலை வரும். திருநீற்றைத் தொடலாமா, பொரியை வாங்கலாமா, வாங்கினால் அம்மா என்ன சொல்வார், வாங்காவிட்டால் டீச்சர் என்ன நினைப்பார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த டீச்சர் தங்கமானவர், யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. ஆனாலும் என் விடைத்தாளைத் திருத்துகிறவர் அவர்தானே. சிறுபான்மையாக வளர்ந்த நமக்கு அந்தத் தவிப்பு தெரியும். இங்கே எங்கு திரும்பினாலும் தேவாலயம் இருக்கும் ஊர்களில் வளர்ந்த என் சக ஆசிரியர்கள் பலருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. இன்று என் வகுப்பில் ஹிஜாப் அணிந்த பெண் இருக்கிறாள், தலைப்பாகை கட்டிய சீக்கியப் பையன் இருக்கிறான், தமிழ் பேசும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எந்த வழிபாடும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அன்று நான் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். நான் என் விசுவாசத்தை வகுப்பில் பிரசங்கிக்காமல் இருப்பது வேலை போய்விடும் என்ற பயத்தினால் அல்ல. பிறர் நமக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படியே அவர்களுக்குச் செய்யச் சொன்ன ஆண்டவருக்குக் கீழ்ப்படிகிறேன், அவ்வளவுதான்.

இனி நடைமுறை. சிலுவைச் சங்கிலியைத் தயங்காமல் அணியுங்கள். ஆசிரியர்கள் சமய அடையாளம் அணியக் கூடாது என்று 1895இல் சட்டம் போட்ட பென்சில்வேனியாகூட 2023இல் அதை நீக்கிவிட்டது. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் வேதாகமம் வாசியுங்கள், சாப்பாட்டுக்கு முன் கண்மூடி ஜெபியுங்கள். பள்ளி தொடங்குமுன், பிள்ளைகள் இல்லாத அறையில், விருப்பமுள்ள ஆசிரியர்கள் கூடி ஜெபிப்பதும் உண்டு. வகுப்புச் சுவரில் வசன அட்டை மாட்ட வேண்டாம். "டீச்சர், நீங்கள் கிறிஸ்தவரா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆமாம், ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். "நீயும் வா" என்று மட்டும் அழைக்காதீர்கள்.

டெக்சாஸில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு காத்திருக்கிறது. தினமும் அமெரிக்கக் கொடிக்கும் டெக்சாஸ் கொடிக்கும் உறுதிமொழி சொன்ன பிறகு ஒரு நிமிட மௌனம் வரும். அது மாநிலச் சட்டம். பிள்ளைகள் சிந்திக்கலாம், ஜெபிக்கலாம், தியானிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யாதிருந்தால் போதும். அந்த நிமிடத்தில் நான் ஒரு வரிசையைத் தேர்ந்துகொண்டு, அதில் இருக்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்து, மனதுக்குள் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். உதடு அசையாது. யாருக்காக ஜெபித்தேன் என்று எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. ஒலிபெருக்கி முன்னால் நின்று நடத்திய ஜெபங்களைவிட இந்த ஒரு நிமிடம் என்னை அதிகம் மாற்றியிருக்கிறது. காலையில் பெயர் சொல்லி ஜெபித்த பையன் மேல் அதே வகுப்பில் எரிந்து விழ மனம் வராது.

உறுதிமொழி சொல்லாத பிள்ளையை முறைக்காதீர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யெகோவா சாட்சிகள் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், கொடி வணக்கத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாததால் கேரளத்தில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு, நம் உச்ச நீதிமன்றமும் 1986இல் அதே நியாயத்தைத்தான் வழங்கியது.

இங்கே வந்ததும் சபையில் யாராவது உங்களிடம் கால்பந்துப் பயிற்சியாளர் வழக்கைச் சொல்வார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் ஊரில் ஜோசப் கென்னடி என்ற உதவிப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் முழங்காலிட்டு ஜெபித்தார். அந்தப் பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான பள்ளி மாவட்டம் அவர் மேல் நடவடிக்கை எடுத்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. "இனி ஆசிரியர்கள் எதையும் செய்யலாம்" என்று சொல்கிறவர்கள் தீர்ப்பை வாசிக்கவில்லை. மற்ற ஊழியர்கள் சொந்த வேலையைப் பார்க்க விடப்பட்டிருந்த சில நிமிடங்களில் ஒருவர் தனக்காகச் செய்த அமைதியான ஜெபம் என்றே பெரும்பான்மை நீதிபதிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். உடன்படாத மூவரோ, மாணவர்கள் சூழ அவர் முழங்காலிட்ட புகைப்படங்களைத் தங்கள் தீர்ப்பிலேயே சேர்த்தார்கள். ஆட்டத்தில் இடம் கொடுக்கிறவர் ஜெபிக்கும்போது விலகி நிற்கும் பையனின் பாடு என்ன என்பது அவர்கள் கவலை. தனியாக ஜெபிக்கும் உரிமை கென்னடிக்கு உண்டு என்றே நானும் நம்புகிறேன். ஆனால் பொரிகடலைத் தட்டின் முன்னால் நின்ற எனக்கு அந்த மூவரின் கவலையைத் தள்ளிவிட முடியவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் வேதாகமக் குழு இருந்தால் உங்களைப் பொறுப்பாளராகக் கேட்பார்கள். தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற மாணவர் குழுக்களுக்கு இடம் தரும் பள்ளி, சமயக் குழுவுக்கு இடம் மறுக்கக் கூடாது என்று 1984இல் சட்டமே வந்தது. ஆனால் குழுவை நடத்துகிறவர்கள் மாணவர்கள்தான். நீங்கள் அறையில் இருந்து பார்த்துக்கொள்ளலாம்; ஜெபத்தை நடத்தவோ செய்தி கொடுக்கவோ கூடாது. ஞாயிறு பள்ளி நடத்திப் பழகியவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடினம். பதினாறு வயதுப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறித் தாங்களே ஜெபிப்பதைக் கேட்பது எனக்கு இப்போது பிடித்த வேலை.

விசுவாசம் வேலை செய்ய வேண்டிய இடங்கள் இவற்றைவிடக் கடினமானவை. ஒரு பிள்ளையின் உடம்பில் காயத்தைப் பார்த்து, வீட்டில் அடிக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தால், நீங்களே உடனே குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கோ காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பது டெக்சாஸ் சட்டப்படி போதாது. நம் ஊர்ப் பழக்கம் வேறு. சபைப் போதகரான ஐயரிடம் சொல்வோம், அவர் அந்த வீட்டுக்குப் போவார், ஜெபித்துச் சமாதானம் செய்து வைப்பார். குடும்ப மானம் காப்பாற்றப்படும், பிள்ளை மறுபடி அடி வாங்கும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தை மறைப்பதே குற்றம் என்று 2012இல் போக்சோ சட்டம் நம் நாட்டிலும் கொண்டுவந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொலைபேசியை எடுக்கும்போது கை நடுங்கும். ஜெபித்துக்கொண்டே எடுங்கள், ஆனால் எடுங்கள்.

பெற்றோர் சந்திப்புக்கு ஒரு பையனின் இரண்டு அம்மாக்கள் வருவார்கள். உங்கள் சபையின் போதனை என்னவாகவும் இருக்கட்டும். நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவன் பின்னங்களில் எங்கே தடுமாறுகிறான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். முன்னேறவே மாட்டான் என்று மற்றவர்கள் கைகழுவிய பையனுக்குப் பள்ளி முடிந்ததும் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். தேர்ச்சி விகிதத்துக்காக மதிப்பெண்ணைக் கொஞ்சம் ஏற்றிப் போடச் சொல்லி அழுத்தம் வரும், வளையாதீர்கள். சக ஆசிரியையைப் பற்றிய புறணி ஓடும் மேசையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் கிறிஸ்தவர் என்று அறிந்த பிள்ளைகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

பத்துக் கட்டளைகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வகுப்பறைகளில் அவற்றை மாட்டச் சொல்லி டெக்சாஸில் 2025இல் சட்டம் வந்தது, உடனே அதை எதிர்த்து வழக்குகளும் வந்தன. கென்டக்கியின் இதே போன்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1980இல் ரத்து செய்திருந்தது. நீங்கள் வரும் நேரத்தில் உங்கள் பள்ளி மாவட்டத்தில் என்ன நிலை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், சுவரில் மாட்டிய கட்டளை ஒரு பிள்ளையையும் விசுவாசத்துக்குக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக விடுமுறை. பெரிய வெள்ளி தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. இங்கே சில பள்ளி மாவட்டங்கள் அன்று மூடும், சில மூடாது. மூடாவிட்டால் சொந்த விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். சமயக் கடமைக்காகக் கேட்கும் ஊழியரை, பெரிய சிரமம் இல்லாதவரை வேலை கொடுப்பவர் அனுசரிக்க வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் வழியாக வந்த விதி. 2023இல் ஓர் அஞ்சல் ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் உறுதியாக்கியது. நாட்காட்டி கைக்கு வந்தவுடனே விண்ணப்பித்துவிடுங்கள். மாற்று ஆசிரியர் கிடைக்க அவகாசம் வேண்டும். டாலஸ் பக்கமும் ஹூஸ்டன் பக்கமும் தமிழ் ஆராதனை நடக்கிறது. நீங்கள் டாலஸ் பக்கம் குடியேறினால் வந்திறங்கியதும் சொல்லுங்கள், கார் வாங்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து அழைத்துப் போகிறேன்.